ஊழி, அற்றம்: நிலவியல் காலச் சொற்கள் குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலவியல் காலக்கணக்கில் பல கோடி ஆண்டுகள் நீளும் பெரும் பிரிவான எரா (era) என்பதற்குத் தமிழில் 'ஊழி' வேண்டாம், 'யுகம்' போதும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஊழி என்றதும் அழிவுதான் நினைவுக்கு வருகிறது, அறிவியல் சொல்லுக்கு அந்தச் சாயல் ஆகாது என்பது காரணம். எனக்கோ அந்தச் சாயலுக்காகவே ஊழி வேண்டும் என்று தோன்றுகிறது.

எராக்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று பாருங்கள். 1841இல் ஜான் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் புதைபடிவங்களை வைத்து உயிர்களின் வரலாற்றை மூன்றாகப் பகுத்தார். 1860இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில், பெருகிக்கொண்டே வரும் உயிர்வகைகளின் கோடு இரண்டு இடங்களில் சரிந்து மீண்டும் ஏறுகிறது. அந்தச் சரிவுகள்தான் எராக்களின் எல்லைகள். முதல் சரிவு ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் என்ற காலப்பிரிவின் முடிவில். அடுத்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் முடிவில்.

பெர்மியன் முடிவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருநிலப்பரப்பை மூடியது. வெளியேறிய வளிமங்களால் புவி சூடேறியது, கடல்நீரில் ஆக்சிஜன் குறைந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இல்லாமல் போயின. அதுவரை கடலில் இருந்த ருகோஸ், டேபுலேட் பவளங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்றைய பவளங்கள் வேறு மரபுவழியில், பெர்மியனுக்கு அடுத்து வந்த டிரையாசிக்கில் தோன்றியவை. நிலத்திலும் அதே கதைதான்: அதற்குப் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு நிலக்கரி படியவே இல்லை. ஒரு நெடுங்காலத்தையும் அதன் முடிவையும் ஒரே சொல்லில் தாங்கும் 'ஊழி' நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

யுகத்தில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. யுகம் என்றால் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆண்டு என்ற கணக்கு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து என்ற சுழற்சி, எல்லாம் படிப்பவர் மனத்தில் சேர்ந்தே வரும். எராக்களில் ஒழுங்கான கணக்கு எதுவும் இல்லை. முதலாவது சுமார் 28.7 கோடி ஆண்டு, இரண்டாவது 18.6 கோடி, நாம் இருக்கும் மூன்றாவது இதுவரை 6.6 கோடி. போனது எதுவும் திரும்பி வருவதுமில்லை. ஆகவே தொல்லுயிர் ஊழி, இடையுயிர் ஊழி, புத்துயிர் ஊழி என்று ஏற்கெனவே சிலர் எழுதிவருவதையே நிலைநிறுத்தலாம் என்பது என் கருத்து. பல எராக்கள் அடங்கிய ஈயானுக்குப் பேரூழி.

சரி, ஊழியே அழிவையும் குறிக்கிறதே, ஏராளமான இனங்கள் ஒருசேர ஒழிந்துபோகும் மாஸ் எக்ஸ்டிங்ஷனுக்குத் தனிச் சொல் எதற்கு? தேவைதான். ஏனென்றால் எல்லாப் பெரிய அழிவும் ஒரு ஊழியை முடித்துவிடவில்லை. சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவிசியன் முடிவில் பனி பரவிக் கடல்மட்டம் இறங்கியபோது ஏராளமான கடல் இனங்கள் ஒழிந்தன. ஆனாலும் தொல்லுயிர் ஊழி தொடர்ந்தது.

இதற்கு வந்த பரிந்துரைகளில் 'பேரழிவு' வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் போய்விட்ட சொல். 'இன அழிப்பு' கட்டாயம் கூடாது. தமிழ் படிப்பவருக்கு அந்தச் சொல் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ததைத்தான் சொல்கிறது, அதன் வலியை நாம் வேறிடத்துக்கு இழுக்கக் கூடாது. 'இன அழிவு' அதற்கு மிக அருகில் நிற்கிறது. 'பேரின மறைவு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உயிரியல் வகைப்பாட்டில் பேரினம் என்பது ஜீனஸ்.

'மறைவு' என்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. சீலகாந்த் மீன்களின் புதைபடிவத் தடம் கிரெட்டேசியஸோடு மறைந்துவிடுகிறது. 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சீலகாந்த் வலையில் சிக்கியது. புதைபடிவத்தில் மறைவது வேறு, அடியோடு இல்லாமல் போவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்குச் சொற்கள் வேண்டும்.

அதனால் எக்ஸ்டிங்ஷனுக்கு 'அற்றுப்போதல்', பெயராக வரும் இடத்தில் 'அற்றம்' என்று பரிந்துரைக்கிறேன். அழிவு என்ற பொருளில் அற்றம் பழைய சொல்தான். டிரைலோபைட்டுகள் என்ற பழங்காலக் கடல்வாழ் கணுக்காலிகளைப் பற்றி "கடைசி டிரைலோபைட்டுகள் பெர்மியன் முடிவில் அற்றுப்போயின" என்று எழுதினால் விளக்கம் இல்லாமலே புரியும். மாஸ் எக்ஸ்டிங்ஷன் 'பெரும் அற்றம்'. 'பேரற்றம்' என்று சேர்த்தால் 'பேரற்ற', அதாவது பெயரில்லாத, என்று காதில் விழும். எனவே பிரித்தே எழுதுவோம். எப்போதும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும் பேக்ரவுண்ட் எக்ஸ்டிங்ஷனை 'வழமை அற்றம்' எனலாம். டிரைலோபைட்டுகளுக்கே இந்த வேறுபாடு தேவைப்படுகிறது: டெவோனியனுக்குப் பிறகு அவற்றில் ஒரே ஒரு வரிசைதான் (ஆர்டர் என்ற வகைப்பாட்டுப் பிரிவு) எஞ்சியிருந்தது, பெர்மியன் முடிவு அந்த மிச்சத்தை முடித்தது.

எராவின் உட்பிரிவான பீரியடுக்குக் 'காலம்' போதும். டெவோனியன், பெர்மியன், ஜுராசிக் எல்லாம் டெவன், பெர்ம், ஜூரா என்ற இடப்பெயர்களிலிருந்து வந்தவை, மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

முடிவாகாமல் இருப்பது பீரியடின் உட்பிரிவான எப்போக். மனிதரின் தாக்கம் புவியில் பதிந்த காலத்தைக் குறிக்கும் ஆந்த்ரோபோசீனை 'மானுட ஊழி' என்று எழுதும் வழக்கம் பரவுகிறது. அது எப்போக் என்ற நிலையில் முன்வைக்கப்பட்டு, 2024 மார்ச்சில் நிலவியலாளர்களின் பன்னாட்டு அமைப்பால் நிராகரிக்கப்பட்டது. ஊழி என்றால் அதை இரண்டு படி மேலே தூக்கி வைத்ததாகிவிடும். 'மயோசீன் கட்டம்', 'ஹோலோசீன் கட்டம்' என்று வைக்கலாமா? இதில் எனக்கு முழு நிறைவு இல்லை, ஏனென்றால் கட்டம் பல இடங்களில் புழங்கும் பொதுச்சொல். அதைவிடப் பொருந்துவது தோன்றினால் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள். அப்புறம் அதற்குக் கீழே உள்ள ஏஜுக்குப் போகலாம்.