கிராஸ்ஓவருக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

பாளையங்கோட்டை ஆசிரியர்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படக்கதைக் கண்காட்சி வைக்கிறார்கள். வியாழக்கிழமை பலகைகள் அச்சுக்குப் போகணும். ஒரு கதையின் நாயகன் இன்னொரு கதையின் நாயகனோடு மோதுவதற்கு ஒரு சொல் வேண்டும். 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்தித்த புத்தகம்தான் முதல் பலகை.

தென்காசி:
ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலந்து வரும் திணைமயக்கம் இருக்க வேறெங்கே தேடுகிறீர்கள்? 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்று தொல்காப்பியரே அனுமதி தந்துவிட்டார். கதைமயக்கம் என்று போடுங்கள்.

அம்பாசமுத்திரம்:
முந்தைய நூற்பாவை வசதியாக விட்டுவிட்டீரே! 'நிலனொருங்கு மயங்குதல் இன்றென மொழிப' என்று அங்கேதான் தடுக்கிறார். சூப்பர்மேனின் மெட்ரோபொலிசும் ஸ்பைடர்மேனின் நியூயார்க்கும் ஒரே கதையில் வந்தால் மயங்குவது நிலம்தானே? உம்ம இலக்கணப்படியே இது செல்லாது வே.

பாளையங்கோட்டை ஆசிரியர்:
வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "மயக்கமா? தண்ணி தெளிக்கணுமா சார்?" என்கிறார்கள்.

வள்ளியூர்:
கதைக்கலப்பு?

தென்காசி:
கலப்படப் பால் ஞாபகம் வருகிறது. வேண்டாம்.

வள்ளியூர்:
சரி, சொல்லை விடுங்கள். 2016இல் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படம் இதில் சேருமா? இருவரும் டிசி வீட்டுப் பிள்ளைகள்தானே. ஸ்பைடர்மேன் மார்வெல்காரர். இரண்டு நிறுவனம் என்பதுதான் முக்கியம் என்றால் அதுவும் சொல்லில் தெரிய வேண்டும்.

சங்கரன்கோவில்:
பத்திரப் பதிவா செய்கிறோம், உரிமையாளர் பெயரையெல்லாம் சேர்க்க? இந்த வழக்கு எங்கள் ஊரில் எப்போதோ முடிந்தது. சங்கனுக்குச் சிவன் பெரியவர், பதுமனுக்குத் திருமால். இரண்டு நாகராஜாக்களும் ஓயாமல் சண்டை. கடைசியில் சாமி சங்கரநாராயணராக நின்றார். முக்கூடற்பள்ளு என்ற நூலிலும் பள்ளனின் இரு மனைவியரில் மூத்த பள்ளி திருமால் கட்சி, இளையவள் சிவன் கட்சி. இவள் சாமியை அவள் ஏசுவாள், அவள் சாமியை இவள் ஏசுவாள். 1996இல் மார்வெலும் டிசியும் மோதியபோது சில சண்டைகளில் யார் ஜெயிப்பது என்று வாசகர்களிடம் வாக்குக் கேட்டார்கள். பள்ளிகளிடம் கேட்டிருந்தால் வாக்குப்பெட்டியே உடைந்திருக்கும். கதைக்கூடல் என்று வையுங்கள்.

அம்பாசமுத்திரம்:
கூடலில் சண்டை எங்கே இருக்கிறது? வள்ளுவர் கடைசிக் குறளில் ஊடலை முதலில் வைத்து, கூடலைக் கடைசியில்தான் வைத்தார். நீங்கள் கேட்பது மோதலுக்கு.

சங்கரன்கோவில்:
அந்த 1976 புத்தகத்தைப் புரட்டிப் பாரும். முதலில் அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் வில்லன்கள் லெக்ஸ் லூத்தரையும் டாக்டர் ஆக்டோபஸையும் எதிர்த்துக் கூடத்தானே செய்கிறார்கள்! எவன் தோற்றாலும் ஒரு நிறுவனத்துக்கு வருத்தம். வேறு முடிவு எழுத முடியாது.

வள்ளியூர்:
கதைக்கூடலுக்கு என் ஓட்டு. தூக்கம் வருகிறது.

பாளையங்கோட்டை ஆசிரியர்:
கதைக்கூடல் என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சண்டை மட்டும் வரும் பலகைக்குக் கூடல்மோதல். பக்கத்தில் சின்ன எழுத்தில் கிராஸ்ஓவர் என்றும் போட்டிருக்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

தென்காசி:
கோபமில்லை. ஆனால் கூடல்மோதல் என்ன தொகை? இலக்கணக்குறிப்பு தராமல் பலகையை மாட்டாதீர்கள்.