வாட்டர் பம்பின் அடியிலுள்ள துளை: ‘கசிவுத் துளை’யா, ‘பொசிதுளை’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வாகனப் பராமரிப்புச் சொற்பட்டியலில் வாட்டர் பம்பின் உறுப்புகளுக்குச் சென்ற வாரம் முன்மொழியப்பட்ட சொற்களுள், ‘வீப் ஹோல்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள ‘கசிவுத் துளை’ என்னும் சொல்லை மட்டும் மீண்டும் ஆராய வேண்டுகிறேன். அச்சொல்லை முதலில் எழுதியவர்களுள் நானும் ஒருவன். அதனால் விளையக்கூடிய தீங்கு என் வண்டியிலேயே நேர்ந்ததைக் கண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் 2009ஆம் ஆண்டு வாங்கிய டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. பாச்சலூர் மலைப்பகுதியிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி இறக்குவதும், வெறும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையேறுவதும் அதன் வேலை. சென்ற ஆண்டு அதன் கூலன்ட் (இன்ஜினின் சூட்டைத் தணிக்கச் சுற்றிவரும் திரவம்) டப்பாவில் வாரத்திற்கு அரை லிட்டர் வீதம் குறைந்துகொண்டே வந்தது. காலையில் வண்டியை நகர்த்திப் பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. ஆனால் மலையேறும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேலே போய்விடும். ரேடியேட்டர் மூடி சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் அழுத்தத்தைக் காத்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர்கூட 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். எங்கோ ஓரிடத்தில் அந்த அழுத்தம் வெளியேறுமானால், சமவெளியில் தாக்குப்பிடிக்கும் இன்ஜின் ஏற்றத்தில் கொதித்துவிடும் என்பது அப்போதே எனக்குப் புரிந்திருந்தது. அந்த இடம் எது என்பதுதான் புரியவில்லை.

ஓஸ் கிளிப்புகளை இறுக்கினோம். பழைய ரப்பர் ஓஸ் இறுகிப்போயிருந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கிளிப்பின் ஓரத்தில் ஒழுகிவிட்டு, சூடேறி விரிந்ததும் நின்றுவிடும் என்பதால், விடியற்காலையில் டார்ச் அடித்தும் பார்த்தோம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பையும் பார்த்தோம். மூடியைப் புதிதாக மாற்றினோம். பயனில்லை. தரையில் சொட்டாமல் கூலன்ட் குறைகிறதென்றால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படலமோ, சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகையோ, ரேடியேட்டர் வாயில் விடாமல் எழும் குமிழ்களோ இல்லாததால் நான் அதற்கு உடன்படவில்லை. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு கைப்பம்பு வைத்த அழுத்தமானியை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. வாட்டர் பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் தெரிந்தது.

பம்பைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. அதன் அடியிலிருந்த சிறு துளையை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். முன்பு ஒருமுறை பெல்ட் மாற்றிய இடத்தில், “ஓட்டை ஒன்னு கசிஞ்சுது, அடைச்சு விட்டுட்டேன்” என்று சொல்லப்பட்டதை ஓட்டுநர் தம்பி அப்போது நினைவுகூர்ந்தார்.

அத்துளையின் பணியை அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பம்பின் தண்டு ஒரு முனையில் கூலன்டுக்குள்ளும் மறுமுனையில் பேரிங்கிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றோடொன்று உராய்ந்து சுழலும் இரு முகங்களைக் கொண்ட சீல் இருக்கிறது. அம்முகங்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் அவை தேயாமல் ஓடும். ஆகவே நல்ல சீலையும் தாண்டி மிகச் சிறிதளவு கூலன்ட் வெளிவரும். அது பேரிங்கை அடைவதற்கு முன் வெளியேற வேண்டும் என்பதற்காகவே சீலுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலிருந்து கீழ்நோக்கித் துளை இட்டிருக்கிறார்கள். துளையின் வாயில் உலர்ந்த தடம் இருப்பது இயல்பு. தொடர்ந்து சொட்டினால் சீல் முடிந்துவிட்டது என்று பொருள். துளையை அடைத்துவிட்டால் சீலின் கேடு நிற்பதில்லை. கூலன்ட் பேரிங்கிற்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. எங்கள் வண்டியில் அப்படிப் பேரிங் வழியாக வந்த கூலன்டைச் சுழலும் புல்லி சிதறடித்திருக்கிறது. சூடான இன்ஜின் மேல் பட்டு அது உலர்ந்துவிட்டதால் தரைக்கு ஒரு சொட்டும் வரவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பம்பு இறுகி, பெல்ட் அறுந்து, வண்டி மலைப்பாதையில் நின்றிருக்கும்.

புதிய பம்பைப் பொருத்திய பின் ஓட்டுநருக்காக ஒரு பராமரிப்புக் குறிப்பு எழுதினேன். அதில் ‘கசிவுத் துளையை வாரம் ஒருமுறை பார்க்கவும்’ என்றிருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, “அண்ணே, கசிவுத் துளைன்னா அடைச்சிரணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. ஓடு கசிந்தாலும் குழாய் கசிந்தாலும் அடைக்க வேண்டும் என்பதே நம் வழக்கம். கசிவினால் உண்டான துளை என்றும், கசிவாகிய கேட்டுக்குக் காரணமான துளை என்றும் அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. வேண்டுமென்றே இடப்பட்ட துளை என்னும் பொருள் மட்டும் அதில் கிடைப்பதில்லை.

ஆகவே ‘பொசிதுளை’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று நாம் அனைவரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொசிதல் என்பது சிறுகச் சிறுக, சொட்டாகத் திரளாமல் ஊறி வெளிப்படுவது. அதில் உடைப்பு என்னும் குறிப்பு இல்லை. மேலும் இது வினைத்தொகை. பொசிந்த துளை, பொசிகின்ற துளை, பொசியும் துளை என முக்காலத்தையும் அடக்கும். தொட்டியில் எரியாமல் கிடக்கும் டீசலையும் எரிபொருள் என்றே சொல்கிறோம் அல்லவா? அதுபோல இன்று உலர்ந்திருக்கும் துளையும் பொசிதுளைதான். வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘பொசித்துளை’ என்று எழுதலாகாது.

‘வடிதுளை’ பற்றியும் எண்ணிப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் கூலன்டை முழுவதுமாக இறக்குவதற்கு உள்ள திறப்புக்கு அது தேவைப்படும் என்பதால் விட்டுவிட்டேன். கூலன்டுக்கே தமிழ்ச்சொல் என்ன என்பதைத் தனியாகப் பேசலாம். அது தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை ஏந்திச் சென்று ஆற்றுகிறது என்பதால், ‘ஆற்று’ என்னும் வேரிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

அன்புடன்,
மலைச்சாலை பிக்கப்காரர்

மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மடலை இருமுறை படித்தேன். பல ஆண்டுகள் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இதே பம்பைப் பிரித்துக் காட்டியவன் என்ற முறையில், துளையின் பணியை நீங்கள் விளக்கியது சரி என்று உறுதிப்படுத்துகிறேன். சொல்லில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன.

முதலாவது, உங்கள் வாதத்தின் வலு வினைத்தொகையில் இருக்கிறது என்றால் ‘கசிதுளை’ என்றாலே போதுமே? கண் கசிதல் என்று சொல்கிறோம். ஆங்கிலப் பெயரும் அழுகையிலிருந்து வந்ததுதான். பொருளும் உருவமும் ஒருசேரக் கிடைக்கின்றன. பட்டறைப் பையன்களின் நாவிலும் ‘கசியுது’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, கட்டடப் பொறியியலில் மண் தாங்கும் சுவர்களில் விடப்படும் துளைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே அது அறிகுறி காட்டுவதற்கு அன்று. சுவரின் பின்னே தேங்கும் நீரின் அழுத்தம் சுவரைத் தள்ளாதிருப்பதற்கு. ஒரே தமிழ்ச்சொல் இரண்டுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

நலம் விழையும்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்

மறுமொழிக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கண் கசிதலை நீங்கள் எடுத்துக்காட்டியது என்னைச் சற்று அசைத்துவிட்டது. அழகு கருதியே முடிவு செய்வதென்றால் ‘கசிதுளை’யைத்தான் நானும் தேர்வேன். ஆயினும் நம் பட்டியலில் ‘கசிவு’ என்பதைப் பழுதுக்குரிய பொதுச்சொல்லாக ஏற்கெனவே வைத்துவிட்டோம்: ஓஸிலும் ரேடியேட்டரிலும் வெளியே தெரிவது புறக்கசிவு, ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போவது உட்கசிவு. அவ்விரண்டும் பழுதுபார்க்கப்பட வேண்டியவை. அதே வேர் பழுதல்லாத ஓர் உறுப்பின் பெயரிலும் வந்தால், தம்பி கேட்ட கேள்வியை அடுத்த ஓட்டுநரும் கேட்பார். பட்டறையில் கசியுது என்ற சொல் பழகியிருப்பதே இங்கு இடையூறாகிறது. பொசிதல் அங்கே அவ்வளவாகப் புழங்காததால், புதிய பொருளை ஏற்றுக்கொள்ள அதில் இடம் இருக்கிறது.

சுவரைப் பொறுத்தவரை, மண்ணின் ஊடாக வரும் நீர் பொசிந்துதான் வருகிறது. பம்பைவிடச் சுவருக்கே அச்சொல் இன்னும் இயல்பாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. நோக்கம் வேறானாலும், வேண்டுமென்றே விட்ட துளை, அடைத்தால் கேடு என்னும் இரண்டும் இரு இடங்களுக்கும் பொது. மழைக்குப் பின் சுவரின் துளை வறண்டே கிடந்தால் ஐயப்பட வேண்டும். பம்பின் துளை ஓயாமல் நனைந்திருந்தால் ஐயப்பட வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லில் திணிக்காமல் விளக்கத்தில் எழுதிவிடலாம்.

ஒரு சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி என்று நீங்கள் முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். ஓட்டுநர் தம்பியிடம் பழைய குறிப்பை வாங்கிக்கொண்டு, கீழ்க்கண்டவாறு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதைப் படித்த பிறகு கேட்ட ஒரே கேள்வி, துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான்.

‘வாட்டர் பம்பின் அடியில் பொசிதுளை உள்ளது. இன்ஜின் ஆறியபின் வாரம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கவும். உலர்ந்த தடம் மட்டும் இருந்தால் வண்டியை ஓட்டலாம். ஈரம் இருந்தால் டப்பாவின் அளவை நாள்தோறும் குறித்து வைக்கவும். சொட்டினால் மலையேற வேண்டாம். பம்பை மாற்ற வேண்டும். பொசிதுளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.’