புதுப்பிப்பு: மேக்ஸீன் சூடு தாங்குமா? நான் சொன்னதில் பாதி தப்பு

போன மாதம் இங்கே, டைட்டானியம் கார்பைடு 3,000 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், அதனால் அதன் மெல்லிய தாள் வடிவமான மேக்ஸீனும் உலை வேலைக்குத் தாங்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சரி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேக்ஸீன் பொடியைக் குழாய் உலையில் 600 டிகிரி வைத்தோம். ஆக்சிஜன் அண்டாமல் இருக்க விட்ட ஆர்கான் வாயு இணைப்பில் எங்கேயோ கசிவு, கவனிக்கவில்லை. மறுநாள் திறந்தால் கறுப்புப் பொடி போய் வெள்ளைப் பொடி இருக்கிறது! டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது சுவர் பெயின்ட்டில் போடுகிற அதே சரக்கு.

யோசித்தால் காரணம் எளிது. ஒரு மேக்ஸீன் தாளில் மூன்று அடுக்கு டைட்டானியம், நடுநடுவே இரண்டு அடுக்கு கார்பன், மொத்தத் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர், ஆக டைட்டானியத்தில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே நிற்கிறது, ஆக்சிஜன் வந்தால் ஒளிய இடமில்லை. உருகுநிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கசிவை அடைத்துவிட்டுத் திரும்பச் செய்தபோது கதையே வேறு. ஆர்கானில் முதலில் இடுக்கில் இருந்த தண்ணீர் போகிறது, அப்புறம் மேற்பரப்பில் ஒட்டியிருந்த ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி), இன்னும் சூடேற்றினால், மேக்ஸீன் செய்ய மூலப்பொருளிலிருந்து அலுமினியத்தை அரித்தெடுத்தபோது ஒட்டிக்கொண்ட ஃபுளூரின். சுமார் 800 டிகிரி வரை தாள் அமைப்பு நிற்கிறது. 1,000ஐத் தாண்டினால் அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து சாதாரண கனசதுர டைட்டானியம் கார்பைடாகிவிடும்.

அந்த 3,000 டிகிரி கணக்கு அதற்குத்தான் பொருந்தும், மேக்ஸீனுக்கு இல்லை.