ஆஃப்சைடு பொறி: மாட்டியவர்களும் மாட்டவைத்தவர்களும் எழுதுங்கள்

வியாசர்பாடி ஸ்டாப்பர்:

2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் சவுதி அர்ஜென்டினாவை வீழ்த்திய ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று முடித்துவிடுகிறார்கள். பின்வரிசையில் நின்று ஆடிய எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். பந்து உதைபடுவதற்குச் சற்று முன் பேக்குகள் (தற்காப்பு ஆட்டக்காரர்கள்) ஒன்றாக முன்னால் ஏறி, எதிரணி ஃபார்வர்டைத் தங்களுக்குப் பின்னால் தனியாக விட்டு ஆஃப்சைடு ஆக்குவதுதான் பொறி. அந்தப் பொறி வைத்தவர்கள், அதில் விழுந்தவர்கள், கொடி பிடித்தவர்கள் எல்லோரும் வந்து எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த காலம். எங்கள் மாஸ்டருக்கு ஜார்ஜ் கிரகாம் கோச்சாக இருந்த இங்கிலாந்து அணி ஆர்சனல் என்றால் உயிர். பின்வரிசையில் ஆடிய டிக்சன், ஆடம்ஸ், போல்ட், வின்டர்பர்ன் என்று நாலு பேரையும் ஏதோ பக்கத்துத் தெருப் பையன்களைச் சொல்வது மாதிரி சொல்லுவார். 1990-91 சீசனில் 38 ஆட்டத்தில் அந்த அணி வாங்கிய கோல் வெறும் 18. தோற்றது ஒரே ஒரு ஆட்டம். கிரகாம் அந்த நாலு பேரையும் கயிற்றால் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மாஸ்டர் காதுக்கு அது எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. ஒரு நாள் துணி காயப்போடும் நைலான் கயிற்றோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

நாலு பேர் இடுப்பிலும் கட்டு. அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் நடப்பார், நாங்களும் அந்தந்தப் பக்கம் நகர வேண்டும். 'ஏறு!' என்று குரல் வந்தால் தேர் இழுக்கிற மாதிரி நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால் போக வேண்டும். ஒருத்தன் பிந்தினால் கயிறு இடுப்பை அறுக்கும். எங்கள் லெஃப்ட் பேக் எப்போதும் பிந்துவான். சாயந்திரம் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் எல்லோர் இடுப்பிலும் சிவப்பாக ஒரு கோடு, அவனுக்கு மட்டும் இரண்டு.

ஆனால் கயிறு வரிசையைத்தான் சொல்லிக்கொடுத்தது. எப்போது ஏறுவது, எப்போது பின்வாங்குவது என்பதை மாஸ்டர் வேறு விதமாகச் சொன்னார். "ஃபார்வர்டை என்னடா பாக்குற? பந்து வச்சிருக்கிறவன் தலையைப் பாரு" என்பார். தலை குனிந்திருக்கிறதா, நம் ஆள் ஒருத்தன் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறானா, அல்லது பந்தைப் பின்னால் தட்டிவிட்டானா? ஏறு. தலை நிமிர்ந்திருக்கிறது, பக்கத்தில் யாருமில்லை, அவன் நிதானமாக நோட்டம் பார்க்கிறான் என்றால் ஏறக் கூடாது. பொறியை மறந்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டும். பொறி வைப்பது நாலு பேக்குகளின் வேலை என்று டிவியில் சொல்கிறார்கள். பாதி வேலை முன்னால் நின்று துரத்துகிறவனுடையது. அவன் மூச்சு வாங்க நின்றுவிட்டால் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் பிரயோஜனமே இல்லை.

ரியாத்வாசி:

ஸ்டாப்பர் அண்ணே, நீங்கள் சொன்ன சவுதி ஆட்டம் நடந்தபோது நான் ரியாத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 22, மதியம் ஒரு மணிக்கு ஆட்டம். அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்து ஏழெட்டுப் பேர் பார்த்தோம். பங்களாதேஷ் பையன்கள், மலையாளிகள் எல்லாம் அர்ஜென்டினா கட்சி. சூப்பர்வைசர் மட்டும் சவுதிக்காரர், பாவம், தனிக்கட்சி.

பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல். சூப்பர்வைசர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம்தான் வேடிக்கை. மெஸ்ஸி மறுபடி உள்ளே தட்டினார், ஆஃப்சைடு கொடி. லௌதாரோ மார்டினெஸ் இரண்டு முறை வலைக்குள் அனுப்பினார், இரண்டுமே ரத்து. அதில் ஒன்றைத் திரையில் படமாகப் போட்டுக் காட்டினார்கள், தோள்பட்டை ஒரு துளி முன்னால். மலையாளி நண்பர் ஒருவர் போனையே எடுத்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு ரத்துக்கும் சூப்பர்வைசர் ஓரடி ஓரடியாகப் பெட்டிக்குப் பக்கத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார். முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா ஏழு முறை ஆஃப்சைடு. ஆட்டம் முழுவதும் சேர்த்துப் பத்து.

சவுதிக் கோச் எர்வே ரெனார் இடைவேளையில் திட்டிய வீடியோ பிறகு வெளியே வந்தது. நீங்கள் சொல்வதற்கு அதுதான் சாட்சி. வரிசையைப் பற்றி அவர் கத்தவில்லை. நடுவில் மெஸ்ஸியிடம் பந்து இருக்கும்போது நெருங்காமல் வேடிக்கை பார்க்கிறீர்களே, வேண்டுமானால் போனை எடுத்து அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சத்தம் போடுகிறார். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அல்ஷெஹ்ரி ஒன்று, அல்தவ்சாரி ஒன்று. 2-1. 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அணி தோற்றது. மறுநாள் நாடு முழுக்க விடுமுறை என்று மன்னர் அறிவித்தார். பங்களாதேஷ் பையன்கள் அந்த விடுமுறையை அனுபவித்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்று சவுதி வெளியேறியது. அதே கோச்தான்.

மாவட்டக் கொடிக்காரர்:

ஆடியவர்கள் எழுதிவிட்டீர்கள். திட்டு வாங்கியவன் நான். மாவட்ட ஆட்டங்களில் லைன்ஸ்மேனாக ஓடியிருக்கிறேன்.

எங்களுக்கு வேலை இரண்டு இடத்தில். பந்து உதைபடும் நொடியும் தெரிய வேண்டும், முப்பது மீட்டர் தள்ளி நிற்கிற ஃபார்வர்டின் முட்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. கண்ணை வரிசையில் வை, உதையைக் காதால் கேள் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மேளம் அடிக்கிற மைதானத்தில் அந்தக் காதும் போய்விடும். பொறி வைக்கிற அணி என்றால் பேக்குகள் வெளியே பாய்கிறார்கள், ஃபார்வர்டு உள்ளே பாய்கிறான், அரை நொடியில் இடைவெளி இரண்டு மீட்டர் ஆகிவிடும். கத்தாரில் பந்துக்குள்ளேயே சென்சார் வைத்து நொடிக்கு 500 முறை அளந்தார்கள். எங்களுக்கு ஒரு கொடியும் வெயிலும்.

ஜனங்கள் அதிகம் குழம்புவது கோலியை வைத்து. 'கடைசி ஆளுக்குப் பின்னால் போனால் ஆஃப்சைடு' என்றே பலரும் நினைக்கிறார்கள். கணக்கு கடைசிக்கு முந்திய ஆளோடு. வழக்கமாகக் கடைசி ஆள் கோலிதான், அதனால் அந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. 2010 உலகக் கோப்பை முதல் ஆட்டத்தில் மெக்சிகோவின் வேலா போட்ட கோலை ரத்து செய்தது ஞாபகம் இருக்கிறதா? தென்னாப்பிரிக்க கோலி வெளியே வந்துவிட்டார், கோல் கோட்டருகே ஒரே ஒரு பேக்தான். கோட்டில் ஆள் இருந்தாரே என்று உலகமே கத்தியது. தீர்ப்பு சரி.

எனக்கு நடந்தது வேறு. கார்னர் உதைத்துப் பந்து வெளியே வந்தது. ஒரு ஸ்டாப்பர் (நடு பேக்), நல்ல அனுபவசாலி, சட்டென்று கோல் கோட்டைத் தாண்டி வலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தான் வெளியே போனால் ஃபார்வர்டு ஆஃப்சைடு ஆகிவிடுவான் என்று கணக்கு. பந்து திரும்ப உள்ளே வந்து கோல். நான் கொடி தூக்கவில்லை. அவர் ஓடி வந்து, "சார், நான் கிரவுண்டிலேயே இல்லையே!" என்றார். "நீங்க அந்தக் கோட்டு மேலேயே நிக்கிறதாத்தான் சட்டம் சொல்லுது" என்றேன். 2008 யூரோவில் இத்தாலியின் பனுச்சி கோட்டுக்கு வெளியே விழுந்து கிடக்க, நெதர்லாந்தின் நிஸ்டல்ரோய் போட்ட கோல் செல்லும் என்றார்களே, அதே சட்டம். அவருக்கு அந்தக் கதையைச் சொல்ல நேரமில்லை, கூட்டம் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

பொறியால் சட்டமே மாறியது பலருக்குத் தெரியாது. 1925 வரை ஃபார்வர்டுக்கு முன்னால் மூன்று எதிராளிகள் இருந்தாக வேண்டும். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் மாதிரி பேக்குகள் அதை வைத்து ஆட்டத்தையே முடக்கினார்கள். மூன்றை இரண்டாக்கினார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 1,703 ஆயின.

தூத்தூர் விங்கர்:

எங்கள் கடற்கரையில் பையன்கள் கேரளா போய்ச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடுவது சகஜம். செவன்ஸில் ஆஃப்சைடே கிடையாது. கோலி பக்கத்திலேயே நின்று பழகிய கால், பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தால் கொடிமேல் கொடிதான். என்னை மாட்டவைத்த ஒரு ஸ்டாப்பரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாற்பதைத் தொட்ட அண்ணன், கொஞ்சம் தொப்பை. ஓடவே மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா? எந்த ஊரு?" என்று பேச்சுக் கொடுப்பார். மரியாதைக்குப் பதில் சொல்லாமல் எப்படி? "தூத்தூருண்ணே" என்று வாயைத் திறக்கும்போது அவர் இரண்டு எட்டு முன்னால் போயிருப்பார், கை மேலே இருக்கும். வாயும் அசையும், கண் மட்டும் பந்து வைத்திருக்கும் எங்கள் ஹாஃப் பேக்கை விட்டு நகராது. ஸ்டாப்பர் அண்ணன் சொன்ன அதே தலை விவகாரம்தான்.

தப்பிக்க இரண்டு வழிதான் எனக்குக் கைகொடுத்தது. வரிசைக்குக் குறுக்காக, கோட்டோடு கோடாக ஓடி, பந்து கிளம்பிய பிறகு உள்ளே வளைவது ஒன்று. இன்னொன்று, நான் வேண்டுமென்றே ஆஃப்சைடில் சும்மா நின்று அவர்களை ஏறவைப்பேன், பின்னாலிருந்து இன்னொருத்தன் ஓடி வந்து பந்தை எடுப்பான். பந்தைத் தொடாமல், யாரையும் மறிக்காமல் சும்மா நின்றால் குற்றமில்லை, கொடிக்காரர் ஐயாவே சாட்சி.

வியாசர்பாடி ஸ்டாப்பர்:

அந்தத் தொப்பை அண்ணனைத்தான் பார்சிலோனா தேடிக்கொண்டிருந்தது போல. ஃபிளிக் அங்கே கோச்சாக வந்த முதல் சீசனில் பேக் இனிகோ மார்டினெஸ் அந்த வேலையைத்தான் பார்த்தார். 2024 அக்டோபரில் அவர்கள் மைதானம் பெர்னாபூவிலேயே ரியல் மாட்ரிட்டை 12 முறை ஆஃப்சைடில் விழவைத்து 4-0. ரியலின் ஃபார்வர்டு எம்பாப்பே மட்டும் எட்டு முறை. உலகத்திலேயே வேகமான கால்களில் ஒன்று, அதற்கு எதிராகப் பாதிக்கோட்டுப் பக்கம் வரிசை போட்டு நிற்க நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் அதே அணிதான் அடுத்த மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஏழு கோல் வாங்கி வெளியே போனது. டாட்டன்ஹாம் 2023 நவம்பரில் செல்சியிடம் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பாதிக்கோட்டில் வரிசை போட்டதையும் பார்த்தோம். துரத்த ஆளே இல்லை, வரிசை மட்டும் ஏறி நிற்கிறது. 1-4. நிக்கோலஸ் ஜாக்சனுக்கு ஹாட்ரிக்.

தூத்தூர்த் தம்பிக்கு ஒரு செய்தி. ஃபார்வர்டின் உடம்பில் ஒரு பாகமாவது பேக்குக்கு நேராக இருந்தால் ஆஃப்சைடு இல்லை என்று மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார் முன்னாள் ஆர்சனல் கோச் ஆர்சென் வெங்கர். இளையோர் ஆட்டங்களில் சோதித்தும் பார்த்தார்கள். அது வந்தால் நான் பெனால்டி கட்டத்தை விட்டு வெளியே வர மாட்டேன். நீ என்ன சொல்றே?

தூத்தூர் விங்கர்:

வரட்டும்ணே. இத்தனை வருஷம் கொடி பார்த்தது போதும்.