குதிகால் எலும்பில் டான்டலம் மணிகள்: மகனுக்கு வைக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி: ஹேர்னிங் தகப்பன்

வணக்கம். நாங்கள் டென்மார்க்கில் வசிக்கிறோம். எனது பதினொரு வயது மகனின் பாதங்கள் தட்டையாகவும் வெளிப்பக்கம் சாய்ந்தும் இருப்பதால், குதிகால் எலும்பின் முன்பகுதியை வெட்டி, அந்த இடைவெளியில் இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் ஆப்பு வடிவத் துண்டை வைத்து நீட்டும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துள்ளோம். ஆனால் அதனுடன் ஆய்வொன்றுக்காக எலும்புக்குள் டான்டலம் என்ற உலோகத்தாலான சிறிய மணிகளை வைத்து, ஓராண்டு வரை பல தடவைகள் இரட்டை எக்ஸ்றே எடுக்கவும் அனுமதி கேட்கிறார்கள். எலும்பு நிலைத்துவிட்டதா என்பது சாதாரண எக்ஸ்றேயில் தெரியாதா? மணிகள் வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்குமாம். வளரும் பிள்ளைக்கு அது தீங்கில்லையா?

பதில் 1: எலும்பு மருத்துவன், மதுரை

ஐயா, சாதாரண எக்ஸ்ரே என்பது முப்பரிமாணப் பொருளின் நிழல். இரண்டாம் முறை படம் எடுக்கையில் பாதம் சில பாகை திரும்பியிருந்தாலே, நகராத எலும்பும் நகர்ந்ததுபோல் தெரியும். எலும்பு கூடிவருகிறதா என்று பார்க்க அது போதும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவை அதில் நம்பகமாக அளக்க இயலாது.

உங்களிடம் சொன்ன முறையை ஸ்வீடனின் லுண்ட் நகரில் யோரன் செல்விக் உருவாக்கி, 1974இல் தம் ஆய்வேடாக வெளியிட்டார். அளவுக்குறிகள் பதித்த கூண்டு ஒன்றை வைத்து, வெவ்வேறு கோணங்களிலிருந்து இரண்டு எக்ஸ்ரே குழாய்களால் ஒரே நொடியில் படம் எடுப்பார்கள். ஒவ்வோர் எலும்புத் துண்டிலும் ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று மணிகளாவது தெரிந்தால்தான் அத்துண்டின் நகர்வையும் சுழற்சியையும் கணக்கிட முடியும். சில மணிகள் மறைந்துபோகலாம் என்பதால் கூடுதலாகவே வைப்பார்கள். மணிகள் பெரும்பாலும் 0.8 அல்லது 1 மி.மீ. விட்டமுடையவை. டான்டலத்தின் அணு எண் 73, எக்ஸ்ரேயை எலும்பைவிட மிகுதியாகத் தடுக்கும் கனமான உலோகம் என்பதால், அவ்வளவு சிறிய மணியும் எலும்பின் நடுவே பளிச்சென்று தெரியும்.

முதல் படம், பாதத்தில் எடை ஊன்றுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். பிற்பாடு வரும் படங்கள் எல்லாம் அதனோடுதான் ஒப்பிடப்படும். ஒரே நாளில் இரண்டு முறை எடுக்கிறார்களே என்று வியக்க வேண்டாம். அந்த இடைவேளையில் எலும்பு நகர்ந்திருக்காது என்பதால், இரு அளவுகளுக்கும் இடையே தெரியும் வேறுபாடு முழுவதும் அளவீட்டின் பிழையே; அதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னர் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

வைத்த துண்டு முதல் சில வாரங்களில் சற்று அமுங்கி உட்காருவது இயல்பு. அதன் பிறகு அசைவு நிற்கிறதா, தொடர்கிறதா என்பதே கேள்வி. தொடர்ந்தால் நீட்டிய நீளம் குறையக்கூடும். குழந்தைப் பாதத்தில் இதை அளப்பது கடினமும் கூட. ஆப்புத் துண்டு சிறியதாக இருப்பதால் மணிகளைப் போதிய அளவு பரவலாக வைக்க இடம் கிடைப்பதில்லை, நெருங்கி அமைந்தால் சுழற்சிக் கணக்கில் பிழை பெருகும்.

வளர்ச்சி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் குதிகால் எலும்பின் வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, அதன் பின்முனையில் உள்ளது, வெட்டு முன்பகுதியில். வளர்தட்டைத் தவிர்த்து மணிகளை வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: கதிர்ப்படப் பணியாளர்

கதிர்வீச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாதத்தை ஒருமுறை படமெடுக்கையில் உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இருபது முறை எடுத்தாலும் 0.02, இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 கிடைக்கிறது, அதாவது இது மூன்று நாள் அளவு. டான்டலம் காந்தத்தால் இழுபடாது, பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையிருக்காது. ஆனால் மணிகள் இருப்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பதில் 3: நடைப்பயிற்சி

மேலே இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த அளவீட்டால் பெரும்பாலும் உங்கள் மகனின் சிகிச்சை மாறப்போவதில்லை. இடுப்பெலும்புத் துண்டா, வேறொரு மாற்றுப்பொருளா, எது இடம்பெயராமல் நிற்கிறது என்பதைப் பிற்காலத்துப் பிள்ளைகளுக்காக அறிவதே நோக்கம். இப்போது மணிகளே இல்லாமல் சி.டி. படங்களைக் கொண்டு அசைவை அளக்கும் முறையும் வந்துவிட்டது. அதை ஏன் இங்கே பயன்படுத்தவில்லை என்று கேளுங்கள்.

பதில் 4: எலும்பு மருத்துவன், மதுரை

நடைப்பயிற்சி சொல்வது சரிதான், நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். சி.டி. முறை உலோக மூட்டுகளுக்கு நன்கு பொருந்தும். ஒட்டவைத்த எலும்புத் துண்டோ நாளடைவில் சுற்றியுள்ள எலும்புடன் கலந்து, அதன் விளிம்பே மங்கிவிடும். எதை வைத்து அதைப் பின்தொடர்வது? மணிகளின் பயன் அங்கேதான்.

ஹேர்னிங் தகப்பன்

அனைவருக்கும் நன்றி. வளர்தட்டைப் பற்றியும், இடையில் விலகினால் அதுவரை எடுத்த படங்கள் என்னவாகும் என்பதையும் அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். மகனிடமும் இவற்றை வாசித்துக் காட்டினேன். மணிகள் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை அசையாமல் படுத்திருக்க வேண்டுமா என்பதுதான் அவனது கவலை.