டிசம்பரில் லியோன் விளக்குத் திருவிழா, ஸ்ட்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தை: வயதானவர்களோடு 8 நாளில் முடியுமா?

மாம்பலம்74:

வணக்கம். டிசம்பர் 4 இரவு பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம். 12-ம் தேதி இரவு அங்கிருந்தே திரும்புகிறோம். நாங்கள் இருவர், கூட அப்பா, அம்மா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படிக்கட்டு ஆகாது. நால்வரும் சைவம். கேக், பிஸ்கட்டில் முட்டை இருந்தால் பரவாயில்லை.

லியோன் விளக்குத் திருவிழா, ஸ்ட்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தை இரண்டையும் பார்க்க ஆசை. எந்த ஊர் முதலில்? லியோன் கூட்டத்தில் அப்பாவை அழைத்துப் போவது சரிப்படுமா? தங்குவது எங்கே, சாப்பாடு எப்படி? பாரிஸுக்கு 5, 6 தேதிகளை ஒதுக்கியாயிற்று, அதற்கு யோசனை வேண்டாம்.


சோன்கரை:

லியோன் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். விழா நான்கு இரவு நடக்கும், டிசம்பர் 8 அதற்குள் வந்துவிடும். ஆனால் அது முதல் நாளா கடைசி நாளா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். 2022-ல் 8 முதல் 11 வரை, 2024-ல் 5 முதல் 8 வரை நடந்தது. லியோன் நகராட்சி தேதியை அறிவித்த பிறகு ஹோட்டலுக்குப் பணம் கட்டுங்கள். எந்த வருடமானாலும் 8-ம் தேதி இரவு அங்கே இருக்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

காரணம் இருக்கிறது. மற்ற இரவுகளில் நீங்கள் பார்ப்பது கட்டடங்கள் மேல் ஒளியைப் பாய்ச்சிக் காட்டும் காட்சிகள். 8-ம் தேதி ஊர்க்காரர்களின் விழா. 1852-ல் ஃபூர்வியேர் குன்றின் மேல் மாதா சிலையைத் திறக்க செப்டம்பர் 8-ம் தேதி குறித்திருந்தார்கள். சோன் ஆற்றில் வெள்ளம் வந்ததால் வேலை தள்ளிப்போய் டிசம்பர் 8 ஆனது. அன்றைக்கும் புயல் மழை. மாலையில் வானம் வெளுத்ததும் ஜனங்கள் தாங்களாகவே ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. லூமினியோன் என்று கடைகளில் கேளுங்கள்: உள்ளங்கையில் அடங்கும், பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் வைத்த கண்ணாடிக் குவளை, அதற்குள் ஒரு குட்டை மெழுகுவத்தி. இருட்டியதும் ஜன்னலின் வெளித்திண்டில் வரிசையாக வைப்பார்கள். பெரிய சதுக்கங்களை விட்டு உள்தெருக்களில் மாடி மாடியாக அந்த வரிசை எரிவதைப் பார்த்தால் கார்த்திகை நினைவு வராமல் இருக்காது. அப்பா அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும், இதற்கு நெரிசலில் நிற்கவும் வேண்டாம். அன்று மாலை சான் ழான் தேவாலயத்திலிருந்து குன்றின் மேல் உள்ள பசிலிக்காவுக்கு விளக்கு ஊர்வலமும் போகும்.

இனி கூட்டம். பெரிய காட்சிகள் எல்லாம் ரோன், சோன் ஆறுகளுக்கு நடுவில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் ப்ரெஸ்கில் பகுதியிலும் பழைய லியோனிலும் நடக்கின்றன. மாலையில் அங்கே வண்டி போகாது. நுழைவாயில்களில் பையைச் சோதிப்பார்கள். பல தெருக்களில் நடையே ஒருவழிதான், தாண்டி வந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. சனிக்கிழமை இரவு உச்சம், அன்று அப்பாவை உள்ளே அழைத்துப் போக வேண்டாம். வார நாள் இரவு நிம்மதியாகப் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மெட்ரோவில். வரைபடத்தைப் பார்த்துவிட்டு பெல்கூர், கோர்தெலியே, ஓட்டெல் தெ வீல் நிலையங்களை நம்பிப் போவார்கள். விழா இரவில் கூட்டத்தைப் பொறுத்து அவற்றை மூடிவிடுவார்கள், ரயில் நிற்காமல் போய்விடும். அதனால் ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில் அறை எடுங்கள். ஏ தடத்தில் ஃபோஷ் நிலையத்தை ஒட்டித் தங்கினால் மோரான் பாலத்தைக் கடந்து தெரோ சதுக்கம் பத்து, பதினைந்து நிமிஷ நடை, முழுக்க சமதரை. டி தடத்தில் கியோத்தியேர் பக்கம் என்றால் பாலம் தாண்டினால் பெல்கூர். அப்பா களைத்துவிட்டால் யாராவது ஒருவர் அறைக்குக் கூட்டிவந்துவிடலாம். உங்கள் நிலைமைக்கு இதுதான் முக்கியம்.

ஓர் இரவுக்கு இரண்டு சதுக்கம் போதும். தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் தெரோ போய்விடுங்கள். ஒவ்வொரு காட்சியும் சில நிமிஷம் ஓடி, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப முதலிலிருந்து ஓடும். முடிந்ததும் முன்வரிசை கலையும், அப்போது முன்னே நகருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது முண்டியடித்தால் கால்தான் மிதிபடும்.

ஃபூர்வியேர் குன்றுக்குப் பகலிலேயே போய்விடுங்கள். பழைய லியோன் நிலையத்திலிருந்து ஃபுனிக்யூலேர் என்ற கயிற்று ரயில் நேரே பசிலிக்கா வாசலில் விடும். பழைய லியோனில் இரண்டு ஃபுனிக்யூலேர் தடங்கள் உண்டு, ஃபூர்வியேர் என்று போட்டதில் ஏறுங்கள். மற்றது சான் ழூஸ்த் போகும். சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். நாலு மணிக்கு மேலே இருந்தால் ஊர் முழுக்க விளக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் அதே ரயிலில் இறங்கிவிடலாம். கீழே நடந்து இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நூற்றுக்கணக்கில் படிகள்.


தண்டவாளம்:

வரிசை: பாரிஸ், லியோன், ஸ்ட்ராஸ்பூர், பாரிஸ் என்று முக்கோணமாகப் போங்கள். பாரிஸுக்குத் திரும்பி வந்து மறுபடி கிளம்பினால் ஒரு முழு நாள் வீண்.

7-ம் தேதி காலை பாரிஸ் கார் தெ லியோனிலிருந்து லியோன் பார்தியூ, இரண்டு மணி நேரம். 9-ம் தேதி பார்தியூவிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு டிஜிவி என்ற நேரடி அதிவேக ரயில், ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், இதை முதலில் பதிவு செய்யுங்கள். 12-ம் தேதி காலை ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பாரிஸ் கார் தெ லெஸ்த், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். விழா 8-ம் தேதிதான் தொடங்குகிறது என்றால் லியோன் நாட்களை மட்டும் ஒரு நாள் தள்ளி, ஸ்ட்ராஸ்பூரில் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று. கார் தெ லியோன் என்பது பாரிஸில் இருக்கும் நிலையம். லியோன் ஊருக்குள் பார்தியூ, பெராஷ் என்று இரண்டு முக்கிய நிலையங்கள். லியோன் சான் தெக்ஸ்யூபெரி என்று டிக்கெட்டில் வந்தால் அது ஊருக்கு வெளியே விமான நிலையத்தில் இருப்பது. மலிவு விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டால் ஊருக்குள் வர ரோன் எக்ஸ்பிரஸ் டிராமுக்கு நான்கு டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

பிரெஞ்சு ரயில்வேயின் வருடாந்திர கால அட்டவணை டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் மாறும். அந்தத் தேதிக்கு முந்தைய ரயில்களுக்கு முன்பதிவு ஒரு கட்டமாகவும், பிந்தைய ரயில்களுக்கு வேறு கட்டமாகவும் திறக்கும். உங்கள் 12-ம் தேதி அந்த எல்லையில் வரலாம். 9-ம் தேதிக்கு டிக்கெட் காட்டி 12-க்குக் காட்டவில்லை என்றால் ரயில் இல்லை என்று முடிவுகட்டி பஸ் எடுத்துவிட வேண்டாம்.

பெட்டி பற்றி: ஊய்கோ என்ற மலிவு ரயிலில் ஒரு கைப்பை, ஒரு கேபின் பெட்டிதான் இலவசம். பெரிய பெட்டிக்குப் பதிவு செய்யும்போதே பணம் கட்டிவிடுங்கள், ரயிலடியில் கட்டினால் அதிகம். சாதாரண டிஜிவியிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் எழுதிய சீட்டு கட்டாயம். ரயில் புறப்பட இரண்டு நிமிஷம் முன்பே கதவு மூடும். அப்பாவின் நடைக்கு அரை மணி முன்னால் நிலையத்தில் இருப்பது நல்லது. எந்த நடைமேடை என்பதைப் புறப்பட இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் பலகையில் போடுவார்கள், அதற்காகப் பதறவேண்டாம். டிஜிவியில் மாடி இருக்கைகள் உண்டு. கீழ்த்தளம் என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள்.


அல்சாஸ்வாசி:

ஸ்ட்ராஸ்பூருக்கு 9-ம் தேதி பிற்பகல் வந்து மூன்று இரவு தங்குவது நல்ல கணக்கு. சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கி பெரும்பாலும் டிசம்பர் 24-ம் தேதியோடு முடியும். கிறிஸ்துமஸ் அன்று வந்து காலிச் சதுக்கத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, நீங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை.

1570-லிருந்து நடக்கும் சந்தை இது. உள்ளூர்ப் பெயர் கிறிஸ்ட்கிண்டெல்ஸ்மாரிக், குழந்தை இயேசுவின் சந்தை. ப்ரொக்லி சதுக்கத்தில் இருப்பது பழையது. க்ளேபேர் சதுக்கத்தில் முப்பது மீட்டர் உயர மரம். பேராலயத்தைச் சுற்றி மற்றொரு பகுதி. காலை பதினொன்றரைக்குக் கடை திறக்கும். திறந்ததிலிருந்து பிற்பகல் மூன்று வரை அப்பா அம்மாவோடு சுற்றுங்கள். பிறகு அறைக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு, இருட்டியபின் விளக்குக்காக ஒரு மணி நேரம் மட்டும் வாருங்கள். நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், விளக்குக்காக இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. சனி, ஞாயிறு பிற்பகலை விட்டுவிடுங்கள்.

சந்தை நாட்களில் ஆறு சூழ்ந்த நகர மையமான தீவுப் பகுதிக்குள் டிராம் சில நிறுத்தங்களில் நிற்காது. ஓம் தெ ஃபேர் நிறுத்தத்தில் இறங்கினால் க்ளேபேர் பக்கத்திலேயே இருக்கிறது.

அறை வாடகை டிசம்பரில் கொள்ளை. டி தட டிராம் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊர் வரை போகிறது. அங்கே அறை எடுத்தால் செலவு குறையும், டிராம் வாசலுக்கே வரும். ஷெங்கன் விசாவில் இரண்டு நாடும் ஒன்றுதான். ஆனால் எல்லையில் சோதனை நடப்பதுண்டு, நால்வரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நகல் போதாது.

பேராலயத்துக்குள் இருக்கும் வானியல் கடிகாரத்தை விட்டுவிடாதீர்கள். பகல் 12:30-க்குப் பன்னிரண்டு சீடர்கள் இயேசுவின் முன்னால் ஒவ்வொருவராக நகர்ந்து போவார்கள், பக்கத்தில் சேவல் சிறகடித்துக் கூவும். பன்னிரண்டு என்று நினைத்து வந்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். கடிகாரம் சூரிய நேரப்படி அரை மணி பின்னால் ஓடுகிறது, அதன் முள்ளில் அப்போதுதான் உச்சிப்பொழுது. பன்னிரண்டு மணிக்கு முன்பே டிக்கெட் வாங்கி நின்றுகொள்ளுங்கள். ஞாயிறு கிடையாது. மேலே கோபுரத் தளத்துக்கு முந்நூறுக்கு மேல் படி, அப்பா கீழேயே இருக்கட்டும்.

ஒரு நாள் கொல்மார் போய்வாருங்கள். ரயிலில் அரை மணி, நிலையத்திலிருந்து பழைய ஊர் பதினைந்து, இருபது நிமிஷ நடை.

கடைகளில் சூடான பானம் வாங்கினால் குவளைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள். அது வைப்புத்தொகை, கான்சீன்யு என்பார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். வான் ஷோ என்பது ஒயின். மது வேண்டாம் என்றால் ஜூ தெ பொம் ஷோ, சூடான ஆப்பிள் சாறு, பட்டை கிராம்பு போட்டுத் தருவார்கள்.


லாச்சப்பல்பக்கம்:

சாப்பாட்டுக்கு ஒரு வழி சொல்றன். மரக்கறி என்று சொன்னால் இங்கே மீன் இருக்கலாம் என்று நினைக்கிற ஆக்களும் இருக்கினம். ஸான் வியாந்த், ஸான் புவாசோன் என்று இரண்டையும் சொல்லுங்கோ: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்.

ஸ்ட்ராஸ்பூர் இருக்கிற அல்சாஸ் பகுதியில் தார்த் ஃப்ளாம்பே கட்டாயம் சாப்பிடுங்கோ. அப்பளம் மாதிரி மெல்லிய மாவில் புளிப்புக் கிறீம், வெங்காயம் பரவிச் சூட்டடுப்பில் எடுப்பினம், ஓரம் கருகி மொறுமொறு என்று இருக்கும். வழக்கமாகப் பன்றித் துண்டு தூவியிருக்கும், அதால ஓர்டர் குடுக்கும்போதே ஸான் லார்தோன் என்று சொல்லவேணும். வந்தபிறகு பொறுக்கிப் போட்டுச் சாப்பிடுற விஷயம் இல்லை, கொழுப்பு எல்லாம் கிறீமில் இறங்கியிருக்கும். வெங்காய சூப் சைவம் மாதிரித் தெரியும், ஆனால் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் செய்யிறது. லியோனில் செர்வெல் தெ கானூ என்று ஒன்று உண்டு. பெயரில் மூளை இருக்கு, உள்ளே ஒன்றும் இல்லை, கீரைத் தழை, வெங்காயத் தாள் போட்ட தயிர்க்கட்டி. பாணோடு (ரொட்டி) நல்லா இருக்கும். ப்ராலீன் தார்த் என்ற ரோஸ் நிற இனிப்பும் வாங்குங்கோ. சந்தையில் சவுக்ரூட் என்ற புளிக்கவைத்த கோவா (முட்டைக்கோஸ்), இறைச்சியோடு சேர்த்து அவிச்சது, விட்டுவிடுங்கோ. வறுத்த மரோன் (செஸ்ட்நட்) கொட்டை, ப்ரெட்செல், ப்ரெடெல் பிஸ்கட் பயமில்லாமல் சாப்பிடலாம். டிசம்பர் 6-ஐ ஒட்டி மானெலே என்ற ஆள் உருவ இனிப்புப் பாண் எல்லா பேக்கரியிலும் இருக்கும்.

12-ம் தேதி கார் தெ லெஸ்தில் இறங்கினால் லாச்சப்பல் நடை தூரம். றூ காய், றூ பெர்தோனே பக்கம் எங்கட கடைகள் நிறைய. இடியப்பம், சொதி, மரக்கறிக் கொத்து எல்லாம் கிடைக்கும். பெட்டிகளைக் கார் டு நோர் லாக்கரில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாங்கோ, அங்கிருந்தே ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் விமான நிலையத்துக்குப் போகுது.


மாம்பலம்74:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபோஷ் பக்கம் அறை தேடுகிறேன். ஒன்று மட்டும்: செருப்பு, உடை? அப்பாவிடம் ஸ்வெட்டர் மட்டும் இருக்கிறது.


சோன்கரை:

ஸ்வெட்டர் மட்டும் போதாது. இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், நின்று பார்க்கும்போது நடப்பதைவிடக் குளிர் கூடத் தெரியும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டு. பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள். ஷூ ஒரு அளவு பெரிதாக எடுத்து கம்பளி சாக்ஸ் போடட்டும். இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிடும். பழைய லியோன் தெருக்கள் கல் பாவியவை, மழைக்குப் பின் வழுக்கும், அடியில் ஆழமான பள்ளம் வைத்த ரப்பர் சோலாகப் பாருங்கள். மடக்குக் கைத்தடி ஒன்றும் எடுத்துவாருங்கள், கல்தரையில் கைக்குப் பிடி கிடைக்கும்.