மறு: மைக்ரோபயோமுக்கு 'நுண்ணுயிர்த்திணை' எடுபடுமா?

> பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் கொடுக்க, குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். மைக்ரோபயோட்டா, மைக்ரோபயோம், டிஸ்பயோசிஸ் (அந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெடுவது) மூன்றுக்கும் தமிழ் வேண்டும். 'குடல் கிருமிகள்' மட்டும் வேண்டாம்.

டாக்டரம்மா, வணக்கம். கிருமி வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். அப்படி எழுதினால் "அதைக் கொல்ல என்ன மாத்திரை?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இணையத்தில் திரியும் 'குடல் தாவரங்கள்' இன்னும் மோசம். பாக்டீரியா எந்த ஊரில் தாவரம்?

முதல் இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். மைக்ரோபயோட்டா என்றால் உயிரிகள் மட்டும்: பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியா போலவே தோன்றும் வேறொரு ஒற்றைச்செல் உயிர்வகை), பூஞ்சை முதலியவை. அவற்றோடு அவற்றின் மரபணுக்கள், வாழும் சூழல், அங்கே அவை செய்யும் வேலை எல்லாம் சேர்ந்தால் மைக்ரோபயோம். முன்னதற்கு 'நுண்ணுயிர்க்குழாம்' என்கிறேன். புலவர் குழாம், அடியார் குழாம் என்று காதுக்குப் பழகிய சொல். அச்சில் 'குழாய்' ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

> 'குடற்குடிகள்' சுருக்கமாக, அழகாக இருக்கிறதே?

ஓசூர் ஐயா, இலக்கணப்படி பழுதில்லை. ஆனால் கிராமத்துக் கூட்டத்தில் 'குடல்', 'குடி' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். சாராயத்தை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

மைக்ரோபயோமுக்கு 'நுண்ணுயிர்த்திணை' என்பது என் பரிந்துரை. முதல், கரு, உரி மூன்றும் சேர்ந்ததுதானே திணை? நிலமும் பொழுதும், அங்கே வாழ்பவை, அங்கே நடக்கும் ஒழுக்கம். பெருங்குடலுக்கு இதை அப்படியே பொருத்தலாம். ஆக்சிஜன் அனேகமாக இல்லாத இடம். அங்கே வாழும் குழாம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அது நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலங்களாக்கும் வேலை. இந்தப் பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். நாம் தின்னும் ராகிக் களியில் ஒரு பங்கு அவற்றுக்குப் போய், அவை வழியாகக் குடலுக்கே திரும்பி வருகிறது. தாய்ப்பாலிலும் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு. அவை குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகைக்கான தீனி. பெயர்ப்பட்டியல் மட்டும் போட்டால் இதெல்லாம் விட்டுப்போகும். அதனால்தான் திணை என்று அடம்பிடிக்கிறேன்.

> தினை, சாமை விளைகிற மாவட்டத்தில் 'நுண்ணுயிர்த்திணை' என்றால் புதுச் சிறுதானியம் என்று நினைப்பார்கள்.

நினைப்பார்கள்தான். பேச்சில் ணகரமும் னகரமும் கலந்துவிடுகின்றன, மறுக்கவில்லை. கட்டுரைக்கும் பாடநூலுக்கும் திணை இருக்கட்டும். துண்டறிக்கைக்குக் குழாமே போதும்.

டிஸ்பயோசிஸுக்கு எனக்கு ஒரு பேராசை இருந்தது: 'திணைமயக்கம்'! ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலப்பதற்கு இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கும் சொல். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் "மயக்கம்" என்று சொன்னால் நர்சம்மா முதலில் பிரஷர் பார்க்கும் பட்டையைத்தான் எடுப்பார். ஆகவே 'குழாம் குலைவு'. எந்தெந்த இனங்கள் எந்த அளவில் இருந்தால் 'சரியான குழாம்' என்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். 'குறைபாடு', 'தொற்று' போன்ற சொற்கள் அங்கே பொருந்தா.

ஒரு கலைச்சொல் குட்டி போடுகிறதா, அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். பலவகைப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு சிலருக்குக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா குடலில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு வருகிறது. வழக்கமாகக் குழாம் பித்த அமிலங்களை மாற்றியமைத்து அதை அடக்கி வைத்திருக்கும். குழாம் குலைந்தால் அந்தக் காவலும் போச்சு. நலமான ஒருவரின் மலத்திலிருந்து குழாமை எடுத்துச் செலுத்தும் சிகிச்சையை நெதர்லாந்தில் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப இந்நோய் வந்த 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணம். இதை 'மல மாற்று' என்றால் யார் சம்மதிப்பார்கள்? 'குழாம் மாற்று' என்றால் காது கொடுத்தாவது கேட்பார்கள்.

துண்டறிக்கைக்கு இரண்டு எச்சரிக்கை. மனித செல் ஒன்றுக்குப் பாக்டீரியா பத்து என்பது பழைய கணக்கு. 2016 மதிப்பீட்டின்படி உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, மனித செல்கள் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி. அடுத்தது, சர்க்கரை நோய், உடற்பருமன் எல்லாவற்றுக்கும் குழாம் குலைவே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். தொடர்பு தெரிகிறது, மனிதரில் எது முந்தி எது பிந்தி என்பது பல நோய்களில் இன்னும் தீரவில்லை. புளித்த கூழில் இருக்கும் பாக்டீரியாவும் பெரும்பாலும் விருந்தாளிகள்தான், தங்கிவிடுவதில்லை. கூழின் நார்ச்சத்தைச் சொல்லுங்கள், அது உறுதி.

—

ஐயா, நன்றி. குழாம், குலைவு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். திணையை மருத்துவ மாணவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். வரைவு வரி இது:

"சளிக்கும் ஜுரத்துக்கும் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், குடலில் வேலை செய்யும் நுண்ணுயிர்க்குழாம் குலைந்துபோகலாம்."

ஆன்டிபயாடிக்கை வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். மருந்துக்கடையில் அந்தப் பேரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். அதற்கொரு தனி இழை தொடங்கிவிடாதீர்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.